இறப்பர் மெத்தை வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்: எடை, அடித்தளம், ஈரம்

மாத்தளை மாவட்டத்தில் உக்குவளை, யட்டவத்தைப் பக்கம் விடிந்தும் விடியாத நேரத்தில் போனால் இறப்பர் மரங்களுக்கிடையே பால் வெட்டும் தொழிலாளர்களைக் காணலாம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வேலை அதிகாலையிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் ஆறு அங்குலத் தடிப்பும் கொண்ட ஒரு நல்ல லேடெக்ஸ் மெத்தைக்கு 50 லீற்றருக்கு மேற்பட்ட பால் தேவைப்படும். அதை வெட்டிக் கொடுப்பவர்களின் லயன் அறைகளில் நான் பெரும்பாலும் பார்த்தது பாயும், பழைய பஞ்சு மெத்தையும், சில வீடுகளில் தவணைக்கு வாங்கி இரண்டு வருடத்தில் குழி விழுந்த பஞ்சணை மெத்தையும்தான்.

என் குடும்பம் மாத்தளையைச் சேர்ந்தது. 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து பெருந்தொகையான தமிழர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தார்கள். எங்கள் உறவினர் சிலரும் அப்படிப் போனவர்கள். அவர்களில் பலர் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளின் மேல் பாய் விரித்துப் படுத்தவர்கள். இன்று ஓரளவு கை நிமிர்ந்த பிறகு, முதுகுவலிக்கும் இடுப்புவலிக்கும் நல்ல மெத்தை எது என்று கேட்கிறார்கள். உடலில் எறிகணைத் துண்டுகளோடு வாழ்பவர்கள், கால் இழந்தவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அதை வசதி பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. பிழையான மெத்தை ஒரு புண்ணாகவும், அந்தப் புண் மாதக்கணக்கான வைத்தியசாலை வாசமாகவும் மாறக்கூடும்.

ஆகவே மெத்தையின் உள்ளே என்ன இருக்கிறது, வாங்கும்போது எதைப் பார்ப்பது, வீட்டுக்கு வந்த பிறகு எழும் பிரச்சினைகளை எப்படிக் கையாள்வது என்பவற்றை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

"இறப்பர் மெத்தை" என்ற பெயரில் விற்கப்படுபவை

கடையில் "இறப்பர் மெத்தை" என்று கேட்டால் நான்கு வகைப் பொருட்கள் காட்டப்படலாம்.

முதலாவது, உண்மையான லேடெக்ஸ் மெத்தை. இறப்பர் பாலைச் சுழற்றித் தண்ணீரைப் பிரித்து, இறப்பர் அளவை ஏறத்தாழ 60 வீதத்துக்கு உயர்த்தி, கந்தகம் சேர்த்து, நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைத்துச் செய்வது. இந்த முறை 1929இல் இங்கிலாந்தின் டன்லொப் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உருவானது. அதனால் இதை இன்றும் டன்லொப் முறை என்கிறார்கள். அச்சில் ஊற்றிய நுரையை வெற்றிடத்தில் விரித்து உறையவைத்துச் செய்யும் தலாலே முறையும் உண்டு. அது சற்று மென்மையாகவும் விலை கூடியதாகவும் இருக்கும்.

இரண்டாவது, பொலியூரிதேன் நுரை. இது பெற்றோலிய மூலப்பொருளிலிருந்து செய்யப்படும் சாதாரண பஞ்சணை. இதில் இறப்பர் பால் ஒரு துளியும் இல்லை.

மூன்றாவது, தும்பு மெத்தை. தென்னந்தும்பின் மேல் இறப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வது. இதில் இறப்பர் உண்டு. ஆனால் உடலைத் தாங்குவது தும்புதான்.

நான்காவது, நுரைத் துண்டுகளை அரைத்து ஒட்டி அழுத்திய மெத்தை. இது கனமாகவும் கடினமாகவும் இருக்கும். "முதுகுவலிக்கு நல்லது" என்று சொல்லி விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

இந்த நான்கிலும் கெட்டது என்று ஒன்றில்லை. ஒன்றின் விலைக்கு இன்னொன்றை வாங்குவதுதான் நட்டம்.

தராசு சொல்லும் உண்மை

உறைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிய எளிய வழி எடை பார்ப்பது. லேடெக்ஸ் நுரை பொதுவாக ஒரு கன மீற்றருக்கு 65 முதல் 90 கிலோ வரை எடை கொண்டது. சாதாரண பொலியூரிதேன் நுரை 20 முதல் 35 கிலோ வரைதான். ஆறடிக்கு மூன்றடி, ஆறு அங்குல மெத்தையின் கனவளவு ஏறத்தாழ கால் கன மீற்றர். ஆகவே:

- உண்மையான லேடெக்ஸ் என்றால் 17 முதல் 23 கிலோ வரை இருக்கும்.
- சாதாரண நுரை என்றால் 5 முதல் 9 கிலோ வரை இருக்கும்.
- நான்கு அங்குல லேடெக்ஸ் என்றால் 11 முதல் 15 கிலோ வரை எதிர்பார்க்கலாம்.

கடையில் தராசு இல்லாவிட்டாலும் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போடக்கூடிய ஆறு அங்குல மெத்தை லேடெக்ஸ் மெத்தையாக இருக்காது.

எடை மட்டும் போதாது. ஒட்டிய துண்டு நுரையும் கனம்தான். சுண்ணாம்புத் தூளைக் கலந்து எடையைக் கூட்டுவதும் உண்டு. எனவே உறையின் சிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். லேடெக்ஸ் வெண்மையாகவோ பாலாடை நிறத்திலோ இருக்கும். அதன் மேற்பரப்பில் வரிசை வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அச்சில் வேகும்போது உள்ளே சூடு பரவுவதற்காக வைக்கப்படும் ஊசிகள் விட்ட துளைகள் அவை. பல நிறத் துண்டுகள் தெரிந்தால் அது ஒட்டிய நுரை. விரலால் தேய்க்கும்போது வெள்ளைத் தூள் உதிர்ந்தால் கலப்படம் அதிகம் என்று சந்தேகிக்கலாம். உள்ளங்கையால் அழுத்தி விட்டால் லேடெக்ஸ் உடனே எழும்பும். கைத்தடம் மெல்ல மெல்ல மறைந்தால் அது "மெமரி" நுரை.

"100 வீதம் லேடெக்ஸ்" என்ற வாசகத்தை அவதானமாக வாசியுங்கள். செயற்கை இறப்பரிலிருந்தும் லேடெக்ஸ் செய்யலாம். "இயற்கை இறப்பர் எத்தனை வீதம்?" என்று கேட்டு, அந்தப் பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

விலையை ஒப்பிடும்போது நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அடியில் எடுத்துப் பெருக்கிக் கன அடிக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஆறடிக்கு மூன்றடி, ஆறு அங்குலம் என்றால் 9 கன அடி. அதே அளவு நான்கு அங்குலம் என்றால் 6 கன அடி. மலிவு என்று தோன்றும் மெத்தை, தடிப்புக் குறைந்ததாக மட்டும் இருக்கலாம்.

எவ்வளவு கடினம், எவ்வளவு தடிப்பு?

முதுகுவலி உள்ளவர் பலகை போன்ற கடினப் படுக்கையில்தான் படுக்கவேண்டும் என்ற நம்பிக்கை நம் சமூகத்தில் ஆழமாக உள்ளது. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஸ்பானிய ஆய்வொன்று, நாட்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 313 பேரை இரு பிரிவாக்கி, கடின மெத்தையையும் நடுத்தரக் கடின மெத்தையையும் கொடுத்து 90 நாட்கள் அவதானித்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது.

கடையில் குந்திப் பார்ப்பதில் பயனில்லை. நீங்கள் வழமையாகத் தூங்கும் நிலையில் பத்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து இடுப்பு வளைவின் கீழ் கையை நுழையுங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கடினம். கையை நுழைக்கவே முடியாவிட்டால் மென்மை. சற்று உரசிக்கொண்டு போனால் பொருத்தம். பக்கவாட்டில் படுக்கும்போது தோளும் இடுப்பெலும்பும் சிறிது அமிழ்ந்து, முதுகெலும்பு நேர்கோட்டில் இருப்பதைக் கூட வருபவரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

நீண்டகாலம் பாயில் படுத்துப் பழகியவருக்குச் சமமான பலகைக் கட்டிலின் மேல் நான்கு அங்குல நடுத்தர லேடெக்ஸ் போதுமானதாக இருக்கும். உடல் எடை கூடியவருக்கும், பக்கவாட்டில் படுப்பவருக்கும் ஆறு அங்குலம் நல்லது. கைக்குழந்தையை மென்மையான மெத்தையில் படுக்கவைக்க வேண்டாம். முகம் புதைந்தால் மூச்சுத் தடைப்படும்.

மெத்தைக்குக் கீழே இருப்பது

மாத்தளை ஒரே காலநிலை உள்ள மாவட்டம் அல்ல. கிழக்கே நக்கிள்ஸ் மலைச்சாரலில், இறத்தோட்டைப் பக்கம், சுவரே வியர்க்கும் ஈரம். வடக்கே தம்புள்ளைப் பக்கம் வன்னியைப் போன்ற உலர்வும் வெப்பமும். இரண்டு இடத்துக்கும் ஒரு விதி பொருந்தும்: லேடெக்ஸ் மெத்தையைச் சீமெந்துத் தரையில் நேரடியாகப் போடவேண்டாம். உடலிலிருந்து இறங்கும் ஈரமும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் அடியில் தேங்கிவிடும். சில மாதங்களிலேயே பூஞ்சணம் பிடிக்கும்.

சட்டம் அடித்த கட்டில் நல்லது. சட்டங்களுக்கிடையே மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நுரை உள்ளே தொங்கத் தொடங்கும். முழுப் பலகைக் கட்டில் என்றால் பலகையில் அரைச்சாண் இடைவெளிக்கு ஒன்றாகத் துளை போடுங்கள். கயிறு, நைலோன் பட்டி பின்னிய கட்டில்களுக்கு லேடெக்ஸ் பொருந்தாது. கட்டில் வாங்க முடியாவிட்டால், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டாலும் காற்று போகும்.

பிரச்சினைகளும் தீர்வுகளும்

*நடுவில் குழி விழுகிறது.* முதலில் கட்டிலைச் சந்தேகியுங்கள். மெத்தையை எடுத்துச் சமதரையில் ஓர் இரவு போட்டுப் படுத்துப் பாருங்கள். குழி தெரியாவிட்டால் குற்றம் சட்டத்தில். தரையிலும் குழி தெரிந்தால், மெத்தையின் குறுக்கே ஒரு நேரான தடியை வைத்து, தடிக்கும் குழிக்கும் இடையிலான ஆழத்தை அளந்து படம் எடுத்து வையுங்கள். உத்தரவாதம் கோரும்போது அந்த அளவைத்தான் கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போட்டால் குழி விழுவது தள்ளிப்போகும்.

*புதிய மெத்தை மணக்கிறது.* இறப்பர் மணம் சாதாரணம். உறையைத் திறந்து, நிழலில், காற்றோட்டத்தில் சில நாட்கள் வைத்தால் குறையும். வாரக்கணக்கில் குறையாமல் அழுகல் மணம் வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. திருப்பிக் கொடுங்கள்.

*கரும்புள்ளிகள்.* அது பூஞ்சணம். மேற்பரப்பில் மட்டும் இருந்தால் முகக்கவசம் அணிந்து வெளியில் வைத்துத் தூரிகையால் தட்டி, சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் மின்விசிறியின் கீழ் முழுதாகக் காயவிடுங்கள். குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் இறப்பரைக் கெடுக்கும். புள்ளிகள் உள்ளே ஊடுருவியிருந்தால், ஆஸ்துமா உள்ளவர் அதில் படுக்கக்கூடாது.

*மஞ்சளித்து, தோல் தடித்து, உதிர்கிறது.* இதற்குப் பெரும்பாலான காரணம் நம் வீட்டு வழக்கம். பஞ்சு மெத்தையை வெயிலில் காயப்போடுவது நல்ல பழக்கம். லேடெக்ஸை வெயிலில் போட்டால் அது வேகமாக முதுமையடையும். நிழலும் காற்றும்தான் அதற்கு வேண்டும். தகரக் கூரையின் கீழ், யன்னல் வெயில் விழும் இடத்தில் கட்டிலைப் போடவேண்டாம்.

இரண்டாவது காரணம் எண்ணெய். நல்லெண்ணெய், வேதனைத் தைலம், மண்ணெண்ணெய் எல்லாமே இறப்பரை ஊதவைத்து இளக்கிவிடும். தைலம் பூசிப் படுப்பவர்கள் பழைய துவாய் ஒன்றை விரித்து, மெத்தைக்குத் தடித்த உறை போட்டுக்கொள்ளுங்கள்.

*சிறுநீர், தண்ணீர் பட்டுவிட்டது.* துவாயால் அழுத்தி அழுத்தி உறிஞ்சி எடுங்கள். பிழிய வேண்டாம், தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். நனைந்த லேடெக்ஸ் தன் பாரத்திலேயே கிழியும். மின்விசிறியின் கீழ் ஓரிரு நாள் வையுங்கள். முழுதாக உலராமல் உறையைப் போடாதீர்கள்.

*வெக்கை.* முதலில் கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறை இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். "அழுக்காகிவிடும்" என்று அதோடேயே படுப்பவர்கள் ஏராளம். அதைக் கழற்றிப் பருத்தி விரிப்புப் போடுங்கள்.

*வீடு மாறும்போது கிழிகிறது.* ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் நுரை கிழியும். இரண்டு, மூன்று பேர் அடியில் கை கொடுத்துத் தூக்கவேண்டும். மடித்துக் கட்டி வைக்க வேண்டாம். சிறு கிழிசலை இறப்பர் பசையால் ஒட்டலாம்.

*புது மெத்தையில் உடல் வலிக்கிறது.* பாயிலிருந்து மாறுபவருக்கு இரண்டு, மூன்று வாரம் பழக்கம் தேவை. அதன் பிறகும் தோளும் இடுப்பும் மரத்தால் மெத்தை கடினம். மேலே மெல்லிய பஞ்சு விரிப்புப் போடலாம். காலையில் கீழ்முதுகு வலித்து, எழுந்து நடந்ததும் குறைந்தால் மெத்தை மென்மையாக இருக்கலாம். இரவில் வலி கூடினாலோ, கால் மரத்தாலோ மெத்தையைக் குறை சொல்லாமல் வைத்தியரிடம் போங்கள்.

போரில் காயப்பட்ட உடல்களுக்கு

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு உணர்விழந்தவர்களுக்கு மெத்தைக் கடைக்காரர் சொல்லும் "படுக்கைப்புண் வராது" என்ற வார்த்தையை நம்பவேண்டாம். எந்த நுரையும் அந்த உத்தரவாதத்தைத் தராது. நல்ல நுரை அழுத்தத்தைப் பரப்பும், அவ்வளவுதான். தானாகப் புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை புரட்டவேண்டும். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிக்கால் ஆகிய இடங்களை நாளும் பார்க்கவேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பிறகும் அந்தச் சிவப்பு வெளுக்காவிட்டால் அது புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்புத் தெரியாமல் போகலாம். சூடு, தடிப்பு, நிறம் கறுத்தல் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள்.

மெத்தை போதுமானதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். அவர் படுத்திருக்கும்போது, வால் எலும்புக்கு நேராக, மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கக் கையை நுழையுங்கள். உடலுக்கும் கைக்கும் இடையில் ஓர் அங்குலம்கூட அழுந்தாத நுரை இல்லை என்றால், அவர் உண்மையில் பலகையில்தான் படுத்திருக்கிறார். அந்த மெத்தையை மாற்றவேண்டும். ஏற்கெனவே புண் உள்ளவருக்குக் காற்றழுத்தம் மாறி மாறி வரும் மெத்தை தேவையா என்பதை வைத்தியரோ இயன்மருத்துவரோ சொல்லட்டும்.

இன்னொரு விடயத்தைக் கடைகளில் எவரும் சொல்வதில்லை. இறப்பர் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். பல தடவை சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், நீண்டகாலம் சிறுநீர்க்குழாய் பயன்படுத்துபவர்களுக்கும் அந்த ஆபத்து ஏனையோரைவிடக் கூடுதல். போர்க்காயம் பட்ட பலர் இந்த இரண்டு வகையிலும் அடங்குவர். இறப்பர் கையுறை, பலூன், குழாய் பட்டபோது அரிப்போ தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால், அல்லது வாழைப்பழம், பப்பாசி, பட்டர் புறூட் சாப்பிடும்போது வாய் அரித்தால், லேடெக்ஸ் மெத்தை வாங்குவதற்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். மெத்தை நுரை கழுவி வேகவைக்கப்படுவதால் புரதம் குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு "குறைவு" என்பது பாதுகாப்பு ஆகாது.

சக்கரநாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறுபவர்கள், நாற்காலி இருக்கையின் உயரத்தையும் கட்டிலோடு சேர்ந்த மெத்தையின் உயரத்தையும் அளந்து சமப்படுத்துங்கள். எட்டு அங்குல மெத்தை வாங்கிவிட்டு ஏற முடியாமல் தவிப்பதைவிட ஐந்து அங்குலம் நல்லது. கால் இழந்தவர்கள் மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்து செயற்கைக் காலைப் பொருத்துவதால், விளிம்பு அமிழாமல் தாங்குகிறதா என்பதைக் கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். இவர்கள் எல்லோருக்கும் மெத்தையைவிட முதலில் வாங்கவேண்டியது, காற்றுப் போகும், தண்ணீர் இறங்காத, சுருக்கம் விழாத ஓர் உறை.

ஏமாற்றப்பட்டால்

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், சொன்ன தரத்துக்கு மாறான பொருளை விற்றதற்கு எதிராக முறையிடலாம். முறைப்பாட்டை எழுத்தில், தாமதிக்காமல், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுப்பது நல்லது. அதிகாரசபையின் துரித தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டில் மெத்தையின் வகை, அளவு, தடிப்பு, உத்தரவாதக் காலம் ஆகியவை எழுதப்பட்டிருக்கவேண்டும். "மெத்தை 1" என்று மட்டும் எழுதிய துண்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. தவணைக்கு வாங்கும்போது மாதக் கட்டணத்தை மாதங்களால் பெருக்கி, உடனடி விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கை எட்டாதவர்களுக்கு

முழு லேடெக்ஸ் மெத்தைக்குப் பணம் போதாவிட்டால், நல்ல தும்பு மெத்தையின் மேல் இரண்டு அங்குல லேடெக்ஸ் விரிப்பைப் போடுவது அடுத்த நல்ல வழி. அதற்கும் முடியாதவர்கள் இலவம் பஞ்சு மெத்தையை வருடத்துக்கு ஒரு முறை பிரித்து அடித்து நிரப்பினால், மலிவான நுரை மெத்தையைவிட நன்றாகத் தூங்கலாம். உணர்வும் அசைவும் உள்ள உடலுக்கு அது போதும். அசைய முடியாத ஒருவர் வீட்டில் இருந்தால் கையிலுள்ள பணம் முதலில் அவருடைய படுக்கைக்குப் போகட்டும். கடைக்குப் போகும்போது ஓர் அளவுநாடாவையும், பிடித்துத் தூக்கி நிறுக்கும் சிறிய தராசு ஒன்றையும் கொண்டு போங்கள். விற்பவர் சொல்வதைக் கேளுங்கள், பிறகு அவர் முன்னாலேயே நிறுத்துப் பாருங்கள்.